முப்பத்தொன்றாம் நம்பர் கோட்டு

பட்டாளத்துத் தையற்காரர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் வேலை நேரத்தில் கண்ணயர்ந்தார். அந்த ஒரு தூக்கத்தை ஒருவர் எதிரில் உட்கார்ந்து படமாக வரைந்துவிட்டார். அது மட்டும் நடக்காதிருந்தால் அவரைப் பற்றிச் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது.

பாளையத்தின் மேற்கு மதிலை ஒட்டி, குதிரை லாயத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் அவருடைய கொட்டகை இருந்தது. மூன்று பக்கம் பலகை. நான்காவது பக்கம் வெளிச்சத்துக்காகத் திறந்தே கிடக்கும். பின்னால் ஒரே ஓர் அறை. அதில் அவரும் மனைவியும் ஐந்து வயது மகளும் குடியிருந்தார்கள். கடல் தாண்டி வந்தவர்களின் படை அந்த இடத்தில் முகாம் போட்டு எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. அதிகாரம் செய்கிற துரைமார்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். வெயிலில் நிற்கிற சிப்பாய்கள் உள்ளூர்க்காரர்கள். இரண்டு பேருக்கும் கோட்டு தைக்கிறவர் இவர்.

ஒல்லியான ஆள். இடது தோள் வலது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். வாயில் எந்நேரமும் நாலு குண்டூசி. அதனால் பேச்சு குறைவு. பேசினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போலிருக்கும். புதிதாகச் சேர்ந்த சிப்பாய்கள் அவரைப் பெரிய கோபக்காரர் என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்கள். வலது கை நடுவிரலில், ஊசி குத்தாமலிருக்க மாட்டுகிற இரும்புத் தொப்பி ஒன்று இருக்கும். சாப்பிடும்போதும் அதைக் கழற்றமாட்டார். கல்யாண மோதிரம் விரலில் நின்றதைவிட அதிக நாள் நின்றது அந்தத் தொப்பிதான் என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் காட்டுவார்.

அவருக்கு ஆட்களின் பெயர் நினைவில் நிற்காது. நம்பர்தான் நிற்கும். ஒவ்வொரு சிவப்புக் கோட்டின் கழுத்துப் பட்டையிலும் மஞ்சள் நூலில் ஒரு நம்பர் தைத்திருக்கும். பன்னிரண்டுக்கு வயிறு போட்டிருக்கிறது, நாற்பதுக்கு இடது கை நீளம், ஐம்பத்தேழு வியர்வையிலேயே துணியை இற்றுப்போகச் செய்துவிடுவான் என்று அவருக்கு எல்லாம் அத்துப்படி. ஆள் மாறுவான், நம்பர் மாறாது. மலைப்பக்கம் சண்டைக்குப் போகிற படை திரும்பும்போது, ஆட்களுக்கு முன்னால் வண்டியில் மூட்டைகள் வரும். அந்த மூட்டைகளில் ஆள் இல்லாத கோட்டுகள் இருக்கும். அவற்றைத் துவைத்து, ஓட்டை விழுந்த இடத்தில் உள்பக்கமாக அதே துணியில் ஒட்டுப்போட்டு, இழையோடு இழை சேர்த்துவிடுவார். அடுத்து அதைப் போடுகிறவன் எவ்வளவு தடவிப் பார்த்தாலும் ஓட்டை இருந்த இடம் கைக்கு அகப்படாது. அவருடைய வேலையிலேயே உச்சமான வேலை அதுதான். ஆனால் அதைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் பெருமை பேசியதில்லை.

முப்பத்தொன்றாம் நம்பர் கோட்டுக்கு அப்போதிருந்த சிப்பாய் மூன்றாவது ஆள். முதல் இரண்டு பேரைப் பற்றித் தையற்காரர் அவனிடம் வாய் திறக்கவில்லை. வாயாடிப் பையன். கல்யாணம் ஆகவில்லை, ஊரில் ஒரு தங்கை மட்டும். உடம்பு வாகு அப்படியே தையற்காரருடைய வாகு. அந்தச் சரிந்த தோளைத் தவிர ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும். "நான் செத்தா கோட்டை நீங்களே எடுத்துக்கலாம் அண்ணே, பிரிச்சுத் தைக்கிற வேலைகூட இல்ல" என்று அவன் சொல்லிச் சிரிப்பான். தையற்காரர் குண்டூசியைக் கடித்துக்கொண்டு அவன் முதுகில் ஒரு தட்டு தட்டுவார்.

கோட்டை முடித்தபின் தையற்காரர் அதைத் தானே போட்டுப் பார்ப்பார். மற்ற தையற்காரர்கள் மேசையில் விரித்துத் தடவிப் பார்ப்பதோடு சரி. இவருக்கு அது போதாது. போட்டுக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்குவார். பிறகு குனிவார். பிறகு தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்வார். சாய்ந்தால்தான் தோள் தையல் உண்மையைச் சொல்லும் என்பார். படையில் சேராதவன் ராஜாங்கத்துக் கோட்டை உடம்பில் மாட்டினால் சவுக்கடி என்று சட்டம் இருந்தது. தையற்காரர் மாட்டுவது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் கண்டுகொள்ளவில்லை. அதேபோல், ஒருவனுடைய கோட்டு தையலில் இருக்கும் நாளில் அவன் வெறும் சட்டையோடு காவலுக்குப் போகமுடியாதே என்று, மூட்டையில் வந்த வேறொரு கோட்டை இரவல் கொடுத்தனுப்புவார். அதுவும் சட்டத்தில் இல்லை. ஆனால் அப்படித்தான் வேலை ஓடிக்கொண்டிருந்தது.

வெயில் காலத்தின் நடுவில் ஒரு நாள் முப்பத்தொன்று தன் கோட்டைக் கொண்டுவந்து போட்டான். தோளில் தையல் விட்டுப்போயிருந்தது. நடுப்பகலில் அவனுக்கு வெடிமருந்துக் கிடங்கில் காவல். மூட்டையிலிருந்து ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனான். தையற்காரர் தோளைத் தைத்தார், போட்டுக்கொண்டார், கையைத் தூக்கினார், குனிந்தார், உட்கார்ந்து சாய்ந்தார். முந்தைய நாட்களில் மகளுக்குக் காய்ச்சல். மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. சாய்ந்தவர் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார்.

விழித்தபோது எதிரில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் ஓர் இளம் துரை உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக் கீறிக்கொண்டிருந்தார். படம் போடும் துரை என்று பாளையத்தில் அவருக்குப் பெயர். துப்பாக்கியைத் துடைப்பதைவிடப் பென்சிலைச் சீவுவதில்தான் அவருக்கு அக்கறை. சேற்றில் மாட்டிய பீரங்கி வண்டி, இடிந்த மதிலில் குந்தியிருக்கும் சிப்பாய், கால் நொண்டும் குதிரை என்று எதைக் கண்டாலும் வரைவார். வானம் பளிச்சென்று இருக்கிற நாளிலும் அவர் படத்தில் கருமேகம் திரண்டு நிற்கும். தையற்காரருக்கு உயிரே போய்விட்டது. கோட்டைக் கழற்றப் போனார். துரை வாயில் விரலை வைத்து, அப்படியே இரு என்று சைகை காட்டி, இன்னும் நாலு கோடு இழுத்துவிட்டு, நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஒரு பக்கத்தில் இவர். அடுத்த பக்கத்தில் ஒரு கதவு மட்டும். அதற்கடுத்து ஒரு பீரங்கிச் சக்கரம் மட்டும். ஒரு நாய் மட்டும். சமையல்காரர் சந்தைக்குப் போய் வந்து சாமான்களைத் தனித்தனியாகப் பரப்பியது போல இருந்தது. துரை சிரித்தார், தையற்காரரும் சிரித்தார். விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார்.

சில வாரம் கழித்து மைத்துனர் வந்து சொன்னார். மனைவியின் அண்ணன் அவர். துரைமார்களின் சாப்பாட்டு அறையில் பரிமாறுகிற வேலை. படம் போடும் துரை மலைப்பக்கம் போகிற படையோடு கிளம்புவதற்கு முன், பெரிய படம் ஒன்று வரைந்து, பாளையத்துக்கே தலைவரான பெரிய துரைக்குப் பரிசாகக் கொடுத்தாராம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு அறையில் மாட்டியிருக்கிறார்களாம். தூங்குகிற காவல்காரன் படம்.

"மூஞ்சி அப்படியே உங்க மூஞ்சிதான் மாப்பிள்ளை," என்றார் மைத்துனர். "ஆனா படத்துல கொஞ்சம் அழகா இருக்கீங்க."

அன்று சாயங்காலம் அறையில் ஒரே சிரிப்பு. ராஜாங்கமே தன் புருஷனைச் சுவரில் மாட்டி வைத்துச் சாப்பிடுகிறது என்று மனைவி சொன்னார். அடுத்த மாதம், படம் போடும் துரை மலைக்காய்ச்சலில் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அவருடைய கோட்டும் ஒரு மூட்டையில் வந்தது. துரைமார் கோட்டுக்கு நம்பர் கிடையாது. உள்பையில் ஒரு துண்டுப் பென்சில் இருந்தது. தையற்காரர் அதை எடுத்து மேசை இடுக்கில் வைத்தார். ஏனோ அதை அவர் மகளிடம் விளையாடக் கொடுக்கவில்லை.

குளிர் காலம் தொடங்கியபோது, மலைக்கு அனுப்புவதற்காக மருந்துக் கிடங்கிலிருந்து பீப்பாய்களை வெளியே எடுத்தார்கள். ஒன்றைத் திறந்தால் உள்ளே மணல். வெடிமருந்து இருக்கவேண்டிய இடத்தில் ஆற்று மணல். கிடங்கின் கதவு இரட்டைப் பூட்டுக் கதவு. பீப்பாய்களை ஈரம் போக வெளியே வைத்துக் காயவிட்டது அந்த வருடத்தில் ஒரே ஒரு நாள். மாற்றியிருந்தால் அன்றைக்குத்தான் மாற்றியிருக்க முடியும். காலையிலும் சாயங்காலத்திலும் அங்கே ஆள் நடமாட்டம் இருந்தது. யாருமில்லாதது நடுப்பகல் மட்டும். அந்த நடுப்பகலில் காவல் நின்றவன் முப்பத்தொன்று.

தான் இமைகொட்டாமல் நின்றதாகவும், பீப்பாய் பக்கம் ஈ காக்கை வரவில்லை என்றும் அவன் சத்தியம் செய்தான். முதலில் அவனை நம்பத்தான் செய்தார்கள். அன்றிரவுச் சாப்பாட்டில் பெரிய துரை கறியை வெட்டிக்கொண்டே தற்செயலாகத் தலையை உயர்த்தினார். மைத்துனர் தட்டோடு பின்னால் நின்றிருந்தார். பெரிய துரை கத்தியை வைத்துவிட்டு எழுந்து சுவரருகே போனார். கண்ணாடியின் மேல் விரலை வைத்தார். முதலில் கழுத்துப் பட்டையின் மேல் வைத்தார். அதில் முப்பத்தொன்று. பிறகு பின்னாலிருந்த கதவின் மேல். அதில் இரட்டைப் பூட்டு. பிறகு கீழ் மூலையில், படம் போடும் துரை தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்த தேதியின் மேல். அது நோட்டில் முதலில் கீறிய நாளின் தேதி, பீப்பாய்களைக் காயவிட்ட அதே நாள். அதற்குப் பிறகு அந்த மேசையில் யாரும் சாப்பிடவில்லை என்று மைத்துனர் சொன்னார்.

படத்தை முப்பத்தொன்றுக்கு யாரும் காட்டவில்லை. சாட்சி இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். தூங்கிப் படையின் மருந்தை எதிரிக்குப் பறிகொடுத்தவன் என்று தீர்ப்பு எழுதினார்கள். நாலாம் நாள் காலை, கவாத்து மைதானத்தில், எல்லோர் முன்னாலும் சுடுவது என்று முடிவானது.

தையற்காரர் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அவர் வேலை நேரத்தில் அப்படிச் செய்து மனைவி பார்த்ததில்லை.

"நாமதான் சிரிச்சோமே," என்றார். "அன்னைக்கு அது எங்க போய் முடியும்னு எனக்குத் தோணல."

மைத்துனர் தெளிவாகச் சொன்னார். வாயைத் திறந்தால் கோட்டுப் போட்ட குற்றத்துக்குச் சவுக்கடி. அது உடம்போடு போகும். ஆனால் காவல்காரன் கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு வெளியாள் பாளையத்துக்குள் உலாவினான் என்று தெரிந்தால், மருந்தை மாற்றியது யார் என்ற கேள்வி யார் கழுத்தில் வந்து விழும்? இரவல் கோட்டைக் கொடுத்ததும் இவரே. செத்துப்போன துரையையா சாட்சிக்குக் கூப்பிடமுடியும்? மைத்துனருக்கும் வேலை போகும், தங்கையும் குழந்தையும் தெருவில் நிற்பார்கள். சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. எல்லாம் கணக்காகத்தான் இருந்தது. மனைவி அடுப்பை ஊதிக்கொண்டேயிருந்தார்.

அடுத்த நாளும் தையற்காரர் வாய் திறக்கவில்லை. அதற்கும் அடுத்த நாளும் திறக்கவில்லை. பன்னிரண்டின் வயிற்றுப் பக்கத்தைப் பிரித்துத் தைத்தார். தைத்ததையே மறுபடி பிரித்தார்.

மூன்றாம் நாள் காலை, அலுவலகத்து ஆள் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். பிரித்தால் முப்பத்தொன்றாம் நம்பர் கோட்டு.

அந்தப் படையில் ஒரு வழக்கம் உண்டு. சுடுவதற்கு முன்னால், குற்றவாளியின் கோட்டிலிருந்து பித்தான்களையும் கழுத்துப் பட்டையையும் கைப்பட்டைகளையும் எல்லோரும் பார்க்கப் பிய்த்தெறிவார்கள். நல்ல தையலைப் பிய்ப்பது சுலபமில்லை. துரை இழுத்து இழுத்துத் திணறினால் பார்க்க நன்றாயிருக்காது. அதனால் முதல் நாளே தையற்காரரிடம் கொடுத்து, ஒரே இழுப்பில் கையோடு வருகிற அளவுக்குத் தையலைத் தளர்த்தி வாங்கிக்கொள்வார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குத் துரையின் கோபத்தில் கோட்டே கிழிந்ததுபோலத் தெரியும். தையற்காரர் இதை முன்பு ஒரு முறை செய்திருக்கிறார். அந்த ஆளை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

அவர் கத்தியை எடுத்தார். முதல் பித்தான், இரண்டாவது பித்தான். நூலை முழுதாக அறுக்கக்கூடாது. மூன்று இழையில் இரண்டை அறுத்து ஒன்றை விடவேண்டும். கழுத்துப் பட்டையின் இடது பக்கத்தைத் தளர்த்தினார். வலது பக்கத்துக்கு வந்தபோது, முடித்த தையலை உடம்பில் பார்த்தே பழகிய கை, அவரைக் கேட்காமலே கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டது. மாட்டியபின்தான் தான் செய்தது அவருக்கு உறைத்தது. அசையாமல் நின்றார்.

மகள் அறை வாசலில் உட்கார்ந்து துணித் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி அது.

"கையத் தூக்கிப் பாக்கலயாப்பா?" என்றாள்.

அவர் தூக்கினார்.

"குனியணும்."

குனிந்தார்.

"உக்காந்து சாயணும்ல. சாஞ்சாத்தானே நெசம் தெரியும்னு சொல்லுவ."

அவர் சாயவில்லை. மனைவி அறையிலிருந்து வெளியே வந்து அவரைப் பார்த்தார். கோட்டோடு நிற்கும் கோலத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு சொன்னார்:

"போறதுன்னா இப்பவே போயிருங்க. யோசிச்சா நானே உங்க கையப் புடிச்சு நிறுத்திருவேன்."

தையற்காரர் அந்தக் கோட்டோடேயே வெளியே இறங்கினார். வெறுங்கால். பகல் வெளிச்சம். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, லாயத்தைத் தாண்டி, கவாத்து மைதானத்தின் நட்ட நடுவில் நடந்தார். அங்கே நாளைக்காக ஒரு மரக்கம்பம் நட்டு, அடியில் மண்ணை மிதித்துக் கெட்டியாக்கிக்கொண்டிருந்தார்கள். மிதித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முப்பத்தொன்று பூட்டிய அறைக்குள் அல்லவா இருக்கிறான் என்று ஒருவன் முணுமுணுத்தான். தளர்த்திய கழுத்துப் பட்டையின் ஒரு முனை நடக்க நடக்க அவர் தாடையில் வந்து வந்து தட்டியது.

பெரிய துரையின் அறையில் மேசை, இரண்டு நாற்காலி, ஒரு வரைபடம். வரைபடத்தில் மலைகள் இருக்கும் இடத்தில் சிவப்பு மையில் சின்னச் சின்ன சிலுவைகள். துபாஷி, துரை சொல்வதை இவர்களுக்கும் இவர்கள் சொல்வதைத் துரைக்கும் மொழிபெயர்த்துச் சொல்லும் மனிதர், ஓரமாக நின்றிருந்தார். தையற்காரர் சொன்னதைக் கேட்டதும் அவர் மொழிபெயர்க்கத் தயங்கினார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா? ஒரு தடவை நான் அந்தப் பக்கம் சொல்லிட்டா, திரும்ப எடுக்க முடியாது," என்று மெதுவாகக் கேட்டார். தையற்காரர் தலையாட்டினார்.

பெரிய துரை நம்பவில்லை. நண்பனைக் காப்பாற்ற வந்த பொய் என்றார். படத்தைக் கொண்டுவரச் சொன்னார். மைத்துனர்தான் சுமந்துகொண்டு வந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் மேசையில் சாய்த்து வைத்தார்.

அதுவரை தையற்காரர் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பழுப்பு மையில், கருமேகத்துக்குக் கீழே, இரட்டைப் பூட்டுப் போட்ட கதவில் ஒரு சிப்பாய் சாய்ந்து தூங்குகிறான். பக்கத்தில் உடைந்த பீரங்கிச் சக்கரம். காலடியில் நாய். நோட்டில் தனித்தனியாக இருந்தவையெல்லாம் இங்கே ஒன்றாகக் கூடியிருந்தன. பலகைச் சுவர் இருந்த இடத்தில் கிடங்கின் கதவு. அவருடைய வெறுங்காலுக்குப் பூட்ஸ் மாட்டியிருந்தது. செத்துப்போனவர்மேல் கோபம் வரவில்லை. அந்த மனிதர் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. சாமான்களைச் சேர்த்து வைத்தால் அழகாயிருக்கிறதென்று சேர்த்துவிட்டார், அவ்வளவுதான். முகத்தை யாரும் பார்க்கவில்லையே என்றுதான் தையற்காரருக்கு ஆச்சரியமாக இருந்தது. மைத்துனர் ஒரே பார்வையில் கண்டுபிடித்த முகம். துரைமார்கள் அத்தனை மாதமும் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டு, கடைசியில் கழுத்துப் பட்டையிலிருந்த நம்பரை மட்டும் படித்தார்கள்.

முகத்தைக் காட்டிப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்தது. கீழே உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்தார். வலது கையை முழங்காலில் போட்டு, படத்திலிருந்த அதே கோணத்தில் தொங்கவிட்டார்.

"அந்தக் கையப் பாக்கச் சொல்லுங்க," என்றார் துபாஷியிடம். "நடுவிரல் நுனியில ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கு."

பெரிய துரை பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். மை பூசாமல் காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்ட ஒரு கடுகளவு இடம். வெயில் பட்டு மின்னிய இரும்பு. காலுக்குப் பூட்ஸ் போட்டவர், அந்த மினுக்கம் அழகாயிருந்ததால் அதை அழிக்க மனமில்லாமல் விட்டிருந்தார். தையற்காரர் விரலிலிருந்து தொப்பியைக் கழற்ற முயன்றார், அது வரவில்லை. அதனால் கையையே நீட்டினார். துப்பாக்கி பிடிக்கிற எந்தச் சிப்பாயின் விரலிலும் அது இருக்காது.

பெரிய துரை படத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் துபாஷி அவ்வளவு பயந்திருக்கமாட்டார். சிரித்துக்கொண்டே ஏதோ நீளமாகச் சொன்னார்.

துபாஷி மொழிபெயர்த்தார். "அந்தச் சிப்பாயை விட்டுடுவாங்க. மருந்து விஷயத்துல உங்கமேலயும் சந்தேகமில்லையாம். திருடுனவன் தானா வந்து நிக்கமாட்டான்னு சொல்றார்." நிறுத்தினார். "ஆனா படையில சேராதவன் இந்தக் கோட்டைப் போடறது குற்றம். அதைக் குற்றமில்லாமப் பண்றதுக்கு ஒரு வழி இருக்காம். நாளன்னைக்கு மலைக்குப் போற படையில ஆள் பத்தலையாம். கோட்டு உங்களுக்குக் கச்சிதமா இருக்காம்."

"சேரலைன்னா?"

துபாஷி அதைத் துரையிடம் கேட்கவேயில்லை. தானே பதில் சொன்னார். "சேரலைன்னு ஒரு பதில் இருக்கிற மாதிரி அவர் பேசல."

அன்று சாயங்காலமே மைதானத்திலிருந்து கம்பத்தைப் பிடுங்கிவிட்டார்கள். குழி மட்டும் மூடாமல் கிடந்தது. முப்பத்தொன்று வெளியே வந்தான். அவனுக்குக் கோட்டு இல்லை. புதிய நம்பரும் கோட்டும் வரும்வரை கொட்டகையில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். வந்தவன் மேசையருகே நின்றான். தான் வேண்டுமானால் போய்ப் பேசிப் பார்ப்பதாகச் சொன்னான்.

"உனக்குப் பேசத் தெரியாது," என்றார் தையற்காரர். "ஊசியில நூல் கோக்கவாவது தெரியுமான்னு பாரு. இவளுக்கு ஒத்தாசையா இருக்கும்."

கிளம்புகிற நாள் காலையில் வெளிச்சம் வந்ததும் அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு கொட்டகையின் நடுவில் நின்றார். மனைவி சுற்றிச் சுற்றி வந்து, அவர் பாதி தளர்த்திய தையல்களையெல்லாம் உடம்பில் வைத்தே தைத்தார். பித்தான், கழுத்துப் பட்டை, கைப்பட்டை. இரட்டை நூல். ஒவ்வொரு முடிச்சுக்கும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஒரு இடத்தில் ஊசி அவர் கழுத்தில் குத்தியது. இவ்வளவு அழுத்திப் போட்டால் பின்னால் பிரிப்பது கஷ்டம் என்று அவர் சொன்னார். பிரிக்கவே கூடாது என்றுதான் போடுவதாக மனைவி சொன்னார். விரல்தொப்பி சோப்புத் தண்ணீரில் ஒருவழியாகக் கழன்றது. அதை மனைவியின் விரலில் மாட்டிப் பார்த்தார். பெரிதாக இருந்தது. உள்ளே ஒரு துணித்துண்டை வைத்துச் சரிசெய்து கொடுத்தார்.

காணாமல் போன மருந்து மலைக்குத்தான் போயிருக்கிறது என்று பாளையத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதை யாரும் தையற்காரரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரியும். வரிசை மதில் வாசலைத் தாண்டும்போது மகள் சிவப்பு முதுகுகளில் அப்பாவைத் தேடினாள். எல்லா முதுகும் ஒன்றுபோல இருந்தன. இடது தோள் சற்று இறங்கிய முதுகு ஒன்றுதான். அதைக் கண்டுபிடித்துக் கையைக் காட்டினாள். அது திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் திரும்பிப் பார்க்கக்கூடாது.

இப்போது கொட்டகையில் தைப்பது மனைவி. முப்பத்தொன்றாக இருந்தவனுக்கு நாற்பத்தாறு என்று புதிய நம்பர் வந்துவிட்டது. காவல் இல்லாத நேரத்தில் வந்து நூல் கோத்துக் கொடுக்கிறான், மகளை அதட்டுகிறான், முன்போலப் பேசுவதில்லை. சாப்பாட்டு அறையில் படம் மறுபடி மாட்டப்பட்டிருக்கிறது. தினமும் காலையில் மைத்துனர் கண்ணாடியைத் துடைக்கிறார். கடல் தாண்டி வரும் விருந்தாளிகள் அதன் எதிரில் நின்று, சிப்பாயின் களைப்பை எவ்வளவு உயிரோடு வரைந்திருக்கிறார்கள் என்று வியக்கிறார்களாம். தூங்கும் காவல்காரன் என்று சட்டத்தின் அடியில் ஒரு பித்தளைத் தகடு வேறு அடித்திருக்கிறார்கள்.

மலையிலிருந்து இதுவரை இரண்டு தடவை வண்டி வந்திருக்கிறது. வண்டி வருகிற சத்தம் கேட்டதும் நாற்பத்தாறு ஓடிப்போய் மூட்டைகளை இறக்குகிறான். ஆனால் முடிச்சை அவிழ்ப்பது அவன் இல்லை, மனைவிதான். ஒவ்வொரு கோட்டாக எடுத்து, மற்ற எந்த இடத்தையும் பார்க்காமல், முதலில் கழுத்துப் பட்டையை வெளிச்சத்தில் திருப்புகிறார். பன்னிரண்டு வந்துவிட்டது. ஐம்பத்தேழு வந்துவிட்டது. இரட்டை நூலில் தைத்த பட்டை இன்னும் வரவில்லை.

இன்று மதியம் வாசல் காவல்காரன் வந்து, மூன்றாவது வண்டி ஆற்றைத் தாண்டிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலத்துக்குள் வந்துவிடுமாம். மனைவி மேசையைத் துடைத்து இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். குண்டூசி நாலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, மகளை உள்ளே போகச் சொன்னார்.